கால்டர்ஹெட் நாட்குறிப்பு

மார்ச் 9
1889இல் இதே நாளில் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நடந்த கால்பந்து ஆட்டத்தில் ஸ்காட்லாந்து 7-0 என்று அயர்லாந்தை வென்றது. பின்னாளில் செல்சீயின் மேனேஜரான ஸ்காட்லாந்து வீரர் டேவிட் கால்டர்ஹெட்டுக்கு அதுவே முதல் சர்வதேச ஆட்டம், கடைசியும் அதுவே. அந்த ஆண்டே இங்கிலாந்தின் நாட்ஸ் கவுண்டி அணியில் சேர்ந்துவிட்டார். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களை ஸ்காட்லாந்து 1896 வரை எடுக்கவில்லை. திறமைக் குறைவு காரணமல்ல.

மார்ச் 17
அவருடைய இடம் சென்டர் ஹாஃப், அதாவது நடுவரிசை மூவரில் நடு ஆள். பின்னால் இரண்டு ஃபுல்பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐவர் என்ற 2-3-5 அமைப்பில் தடுப்பதும் அவர் வேலை, ஓரத்தில் ஓடும் விங்குக்குப் பந்து கொடுப்பதும் அவர் வேலை. அன்றைய ஆஃப்சைட் விதிப்படி பந்து வாங்குபவருக்கு முன்னால் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆஃப்சைட், ஆட்டம் நிறுத்தப்படும். ஒரு ஃபுல்பேக் முன்னேறினாலே எதிராளி ஆஃப்சைட். கணக்குத் தப்பினாலும் இன்னொரு ஃபுல்பேக் பின்னால் காவல். அந்தத் தைரியத்தில்தான் சென்டர் ஹாஃப் மேலேறி ஆடினார். 1925இல் மூவர் இருவரானதும் அந்தக் காவல் போயிற்று. இங்கிலாந்து லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஒரே ஆண்டில் 1,192 கோல்கள் 1,703 ஆயின. சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து ஃபுல்பேக்குகளுக்கு நடுவே நிறுத்த வேண்டியதாயிற்று.

மார்ச் 31
1894, இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதி, லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம். நாட்ஸ் கவுண்டி 4, போல்டன் 1. ஜிம்மி லோகன் மட்டும் மூன்று. இரண்டாம் டிவிஷன் அணி கோப்பையை வென்றது அதுவே முதல்முறை. கேப்டன் கால்டர்ஹெட்.

ஏப்ரல் 24
1907 எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் அவர் மேனேஜராக இருந்த லிங்கன் சிட்டி, லண்டன் அணியான செல்சீயிடம் டிரா செய்து, மறு ஆட்டத்தில் வென்றது. தோற்ற செல்சீ அவரையே மேனேஜராக்கிக்கொண்டது! 1915இல் இதே நாளில் செல்சீ மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் கோப்பை இறுதியாட்டம் ஆடி, ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் 0-3 தோற்றது. பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த செல்சீ வீரர் விவியன் வுட்வார்ட், இறுதிவரை அணியைக் கொண்டுவந்த பாப் தாம்சனின் இடத்தைப் பறிக்க மறுத்து வெளியே இருந்தார். அதே சீசனில் லீக்கின் முதல் டிவிஷனில் செல்சீக்கு 20 அணிகளில் 19ஆம் இடம். போருக்குப் பின் டிவிஷனை 22 அணிகளாக விரிக்காவிட்டால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருக்கும்.

ஏப்ரல் 30
1909-10 சீசனின் கடைசி ஆட்டம். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமலிருக்க சீசன் முடிகிற நேரத்தில் செல்சீ ஆள் ஆளாக வாங்கியது; அப்படியும் டாட்டன்ஹாமிடம் 1-2 தோற்று இறங்கியது. வெற்றி கோல் அடித்தவர் பழைய செல்சீக்காரர் பெர்சி ஹம்ஃப்ரீஸ். இந்தக் கூத்துக்குப் பிறகுதான் ஆள் வாங்க லீக் கடைசித் தேதி வைத்தது. கால்டர்ஹெட்டின் கை அடங்கவில்லை: 1930இல் ஹியூயி கலாகருக்கு 10,000 பவுன், அலெக் ஜாக்சனுக்கு 8,500. இருவரும் முன்கள ஆட்டக்காரர்கள். சென்டர் ஹாஃபாக ஆடிய ஒருவர் பின்களத்துக்கு ஏன் இப்படி அள்ளி இறைக்கவில்லை என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. 1933இல் அவர் விலகும்வரை செல்சீக்குப் பெரிய கோப்பை எதுவும் வரவில்லை.