பத்துக்கு எத்தனை?

சி.டி. அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஸ்ட்ரோக் கேஸ் வந்தால் முதல் பாடு தலையோடுதான். மூளையின் ஒரு பக்கம் பெரிதாக அடிபட்டிருந்தால் தலையும் கண்ணும் பெரும்பாலும் அந்தப் பக்கமே திரும்பிக்கொள்ளும். நேராக்கி, காதோரம் இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் செருகி, நெற்றிப் பட்டையை இழுத்து ஒட்டிவிட்டு, கான்சோலுக்கு வந்து கண்ணாடி வழியே பார்த்தால் மறுபடி திரும்பியிருக்கும். சொல்வது புரியாத நிலையில் கிடப்பவரிடம் "ஆடாம இருங்கய்யா" என்று எத்தனை முறை சொல்வது?

படத்தைத் தானாகவே படிக்கும் மென்பொருள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, இந்தப் பாடெல்லாம் குறையும் என்றார்கள். எனக்கு என்னவோ கூடித்தான் போனது.

ரத்தக்கசிவு என்றால் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அதைப் பார்க்க யார் துணையும் வேண்டாம். ரத்தக்குழாய் அடைப்பினால் வரும் பாதிப்புதான் கண்ணாமூச்சி காட்டும். சி.டி. படத்தின் வெளுப்பையும் கருப்பையும் எண்ணாகச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. அவ்வளவு நீண்ட கோலில் மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 10 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ரத்தம் போகாத இடத்தில் நீர் கோக்கத் தொடங்கினால் அந்தச் சின்ன வித்தியாசமும் மங்கும். அதைப் பிடிக்கத்தான் டாக்டர்கள் விண்டோவை, அதாவது திரையில் கருப்பு முதல் வெள்ளை வரை காட்டும் யூனிட் வரம்பை, 80-லிருந்து 40-க்குக் குறுக்கி, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்து பார்ப்பார்கள். முதல் ஓரிரு மணி நேரத்தில் எப்படிப் பார்த்தாலும் நார்மலாகவே தெரிவதும் உண்டு.

கனடாவின் கால்கரியில் உருவாகி 2000-ல் வெளியான ஆஸ்பெக்ட்ஸ் என்ற மதிப்பெண் முறையைத்தான் மென்பொருளும் பின்பற்றுகிறது. மூளையின் நடுத் தமனி ரத்தம் கொடுக்கும் பரப்பை 10 பகுதிகளாகப் பிரித்து, பாதிப்பு தெரியும் ஒவ்வொன்றுக்கும் பத்திலிருந்து ஒரு மார்க் கழிக்க வேண்டும். ஒரே படத்துக்கு ஒரு டாக்டர் 7 போடுவார், இன்னொருவர் 9 போடுவார். மென்பொருள் அதே படத்துக்கு எப்போதும் அதே மார்க்தான் போடும். நடுராத்திரி வீட்டில் இருக்கும் நியூராலஜிஸ்டின் போனுக்கு, எந்தப் பகுதி என்று நிறம் தீட்டிச் சில நிமிடங்களில் அனுப்பியும் விடும். என்னைக் கேட்டால் அந்த எண்ணைவிட நிறம் தீட்டிய படம்தான் உபயோகம். அதை வைத்துத்தான் டாக்டர் சரி என்கிறார், அல்லது சண்டை போடுகிறார்.

சிக்கல் என்னவென்றால், அது இடது பக்கத்தை வலது பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வருகிறது. தலை சாய்ந்திருந்தால் ஓரளவு நேராக்கிக்கொள்ளும். ஆடிய படத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அனுபவமுள்ள டாக்டர் "இது ஆட்டம்" என்று தள்ளிவிடும் நிழலை அது பாதிப்பாக எண்ணிவிடலாம். பழைய ஸ்ட்ரோக்கின் தழும்பிலும் இதே வம்புதான். அதனால் மார்க் வருவதற்கு முன்பே நான் போனில் சொல்லிவிடுவேன்: "சார், பேஷண்ட் ஆடிட்டாரு, ரெண்டாவது தடவை எடுத்ததைப் பாருங்க."

அப்புறம், நேரம். அதை எந்தப் படமும் சொல்லாது. கதவுக்கு வெளியே நிற்கும் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். "அம்மா, ஐயாவைக் கடைசியா நல்லாப் பார்த்தது எப்ப?" "காலைல எந்திரிக்கும்போதே இப்படித்தான் தம்பி கெடந்தாரு." "அதில்லம்மா, ராத்திரி படுக்கும்போது?" "பத்து மணிக்கு மாத்திரை போட்டாரே, நல்லாத்தான் பேசினாரு." அந்தப் பத்து மணிதான் கணக்கு. அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். அதைத் தாண்டியவர்களிலும் சிலருக்கு 24 மணி நேரம் வரை குழாய் விட்டுக் கட்டியை எடுக்கலாம் என்று 2018-ல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு வழி திறந்தது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கவும் கணினிக் கணக்கே உதவியது.

மார்க்கின் அர்த்தமும் மாறிக்கொண்டே இருக்கிறது. முன்பு 6-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். 2022, 2023-ல் வந்த ஆய்வுகள் 3 முதல் 5 வரை உள்ள பலருக்கும் கட்டியை எடுப்பதால் பலன் உண்டு என்று காட்டின. ஆக, 4 என்று திரையில் வந்ததும் முகத்தைத் தொங்கப்போட வேண்டியதில்லை.

10 என்று வந்தால் நிம்மதியாகிவிடவும் முடியாது. தலைசுற்றல், வாந்தி, தள்ளாட்டம் என்று வருபவருக்குச் சிறுமூளையில் அடைப்பு இருக்கலாம். அந்த இடம் இந்தப் பத்துப் பகுதிகளில் சேர்த்தியே இல்லை. சுற்றியுள்ள தடித்த எலும்பின் கோடுகளால் சி.டி.யிலும் சரியாகத் தெரியாது. புதிதாகச் சேரும் பையன்களிடம் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவேன்: அப்படி ஒருவர் வந்து திரை பத்துக்குப் பத்து காட்டினாலும், டாக்டரைக் கேட்காமல் அவரை மேஜையிலிருந்து இறக்காதே.