"பார்சி" என்ற ஒரு சொல்லுக்காக ஏழு வாரங்கள்

குவீன் ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் பூர்வீகத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையில் ஒரே ஒரு வரி சேர்க்க எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. யார் வேண்டுமானாலும் தொகுக்கக்கூடிய கலைக்களஞ்சியம்தானே என்ற நினைப்பில், முதல் வரியில் இருந்த "பிரித்தானியப் பாடகர்" என்பதை "இந்திய வம்சாவளிப் பிரித்தானியப் பாடகர்" என்று மாற்றிவிட்டு உறங்கப் போனேன். காலையில் பார்த்தால் வரி பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. நீக்கியவர், மாற்றத்துக்கான காரணத்தை எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் "சான்று இல்லை, முன்னுரையில் இது வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அதன் முன்பாதி மட்டுமே என் கண்ணில் பட்டது. பின்பாதிதான் முக்கியம் என்பது மூன்று வாரம் கழித்தே உறைத்தது.

ஆத்திரத்தில் நான் என் வரியை மீட்டெடுத்தது முதல் தவறு. இருவர் மாறிமாறித் தொகுப்பதைக் கண்டால் மூன்றாமவர் வராமல் இருப்பாரா? ஒருவர் வந்து "பாரசீகப் பாடகர்" என்று திருத்தினார். மற்றொருவர் "சான்சிபார் பாடகர்" என்றார். இரண்டே நாளில் ஒரு நிருவாகி பக்கத்தை ஒரு வாரத்திற்குப் பூட்டிவிட்டு, எங்கள் எல்லோரையும் உரையாடற் பக்கத்திற்கு அனுப்பினார்.

இதில் யார் சொன்னதும் முழுப் பொய்யன்று என்பதுதான் சிக்கல். மெர்க்குரி 1946 செப்டம்பர் 5 அன்று, பிரித்தானியப் பாதுகாப்பில் சுல்தானின் ஆட்சி நடந்த கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில், ஸ்டோன் டவுனில் ஃபரோக் புல்சாராவாகப் பிறந்தார். தந்தை போமி அங்கே உயர் நீதிமன்றத்தில் காசாளர். பெற்றோர் இருவரும் குஜராத் வழிவந்த பார்சிகள், அதாவது சரத்துஸ்திர சமயத்தினர். புல்சாரா என்ற குடும்பப் பெயரே வல்சாடு நகரின் பழைய பெயரான புல்சாரிலிருந்து வந்தது. ஈரானிலிருந்து கடல்வழி வந்த பார்சிகளின் முன்னோர் கரையிறங்கியதாக மரபு சொல்லும் சஞ்சாணும் அதே வல்சாடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிறுவயதில் அவர் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தார். 1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்த பிறகு குடும்பம் இங்கிலாந்தில் ஃபெல்தம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே பிறந்த மண்ணைக் கேட்டால் ஒரு விடை, முன்னோரைக் கேட்டால் இன்னொன்று, முன்னோரின் முன்னோரைக் கேட்டால் வேறொன்று. நாங்கள் நால்வரும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டு, ஒரே கேள்விக்குச் சண்டையிடுவதாக நினைத்திருந்தோம்.

சான்று தேடிய கதை தனி. முதலில் அவருடைய பிறப்புப் பதிவின் படத்தை ஆதாரமாகக் காட்டினேன். ஆவணத்தை நானே படித்து நானே முடிவு சொல்வது தன்னாய்வு என்று தள்ளிவிட்டார்கள். பிறர் ஆராய்ந்து அச்சிட்ட நூல்தான் வேண்டுமாம். அடுத்து ஒரு செய்தித் தளத்தின் கட்டுரையை வெற்றிக்களிப்போடு இணைத்தேன். அதைக் கூர்ந்து படித்த எதிர்த்தரப்பு நண்பர், அதில் "பஞ்சகணி" என்று இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த எழுத்துப்பிழை என்னுடையது. இரண்டாண்டுகளுக்கு முன் இதே கட்டுரையின் இளமைப் பகுதியில் நான் செய்திருந்த பிழையை, அந்தத் தளம் வரிக்கு வரி நகலெடுத்திருந்தது. என் வாக்கியத்திற்கு என் வாக்கியத்தையே சான்றாகக் கொண்டுவந்து நின்ற அந்த மாலையில் கணினியை மூடிவிட்டு எழுந்துபோனேன்.

பிறகு நூலகம். இரண்டு பேருந்து மாறிப் போய், ஆங்கில வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றில் குடும்பத்தைப் பற்றிய இரண்டு பக்கங்களை நகலெடுத்து வந்தேன். சான்று விவரங்களைக் கேட்கும் படிவமான மேற்கோள் வார்ப்புருவை நிரப்ப உட்கார்ந்தபோதுதான், பதிப்பகம், ஆண்டு, பதிப்பு எண் எல்லாம் உள்ள உரிமைப் பக்கத்தை நகலெடுக்காதது தெரிந்தது. மறுநாள் மீண்டும் போனால் வாசலில் அட்டை: "இருப்புச் சரிபார்ப்பு நடைபெறுகிறது". உள்ளே தெரிந்த ஊழியரிடம், ஒரே பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "திங்கள்கிழமை வாங்க" என்றார். நூலை எடுத்தவுடன் முதல் வேலையாக உரிமைப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சான்று கையில் வந்த பிறகும் முன்னுரைச் சிக்கல் தீரவில்லை. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் பற்றிய கட்டுரையில் தமிழ்ப் பின்னணி முதற்பத்தியிலேயே வரலாமென்றால் இங்கே ஏன் கூடாது என்று கேட்டேன். எனக்கு எதிராகவே திரும்பிய கேள்வி அது. மாதங்கி 2005இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்குத் தந்தை பயன்படுத்திய அருளர் என்ற பெயரையும், 2007இல் வெளியிட்டதற்குத் தாயின் பெயரான கலாவையும் சூட்டியவர். ஈழப் போரும் அகதி வாழ்வும் அவருடைய பாடல்களிலேயே பேசப்படுகின்றன. அங்கே பின்னணியை விட்டுவிட்டு அவருடைய இசையை விளக்க முடியாது. மெர்க்குரியோ தன் பூர்வீகத்தை மேடைக்குக் கொண்டுவராதவர். குவீன் குழு புகழ்பெற்றது பிரித்தானிய ராக் குழுவாக. முன்னுரையில் ஒருவர் எதனால் அறியப்பட்டாரோ அதுவே இருக்க வேண்டும், பிறப்பும் குடும்பமும் இளமைப் பகுதிக்கு உரியவை என்ற வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒப்புக்கொள்ள மனம் வர நான்கு நாளாயிற்று.

சொற்களிலும் ஒரு பாடுபட்டோம். "இனம்" என்றால் தமிழில் மொழியினமா, சாதியா, நிறமா என்று ஆளுக்கொரு பொருள் கொள்வதால் அதை விட்டோம். "பாரசீகர்" என்பது இன்றைய ஈரானியரைக் குறிப்பதாகப் படிக்கப்படும். நூலில் இருந்தது "பார்சி", ஆகவே நாங்களும் அதையே வைத்தோம். நூல் சொன்னதற்கு ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். உயிரோடிருக்கும் பாடகர் என்றால் இன்னும் கவனம் தேவை: குடும்பப் பெயரையோ முகத்தையோ வைத்து ஊகிக்காமல், அவரே தன்னைப் பற்றிச் சொன்னது அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியில் நின்ற வரி இது: "சான்சிபாரின் ஸ்டோன் டவுனில், குஜராத் வழிவந்த பார்சிப் பெற்றோரான போமி, ஜெர் புல்சாரா இணையருக்குப் பிறந்தார்." பக்க எண்ணோடு கூடிய மேற்கோள் அதன் காலில் இருக்கிறது. அதே பகுதியில் "பஞ்சகணி"யையும் பஞ்ச்கனியாகத் திருத்திவிட்டேன். நகலெடுத்த செய்தித் தளத்தில் மட்டும் அது இன்னும் அப்படியே கிடக்கிறது.