கோத்தகிரி வாசலில் பழைய ஜீப்புக்கு பிரேக் வேலை

வண்டி வில்லிஸ் வம்சத்துப் பழைய மஹிந்திரா ஜீப். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் கிடையாது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டு கோளாறு. பெடல் நாளுக்கு நாள் தரையை நோக்கிப் போகிறது. பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது. "ஷூ மாத்திடலாம்" என்பதுதான் எங்கேயும் முதலில் கிடைக்கும் பதில். டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூவை மட்டும் மாற்றினால் அதைக் கெடுத்த சீலும் சிலிண்டரும் உள்ளே அப்படியே இருக்கும். புது ஷூவும் ஆயிலில் ஊறிவிடும். பிரித்தால் முழுதாகப் பிரிக்க வேண்டும். வாசலில் செய்தால் இரண்டு முழு நாள் வேலை.

முதலில் ஜாக்கி. மலையில் சமதளமான வாசல் கிடைப்பதே அதிர்ஷ்டம். இந்த வகை ஜீப் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. முன்பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு சின்ன டிரம்மில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் டிஃபரென்ஷியல் வழியாக அந்தரத்தில் நிற்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், தரையில் இருப்பது உருளும், வண்டி நகர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான். டூ வீல் டிரைவில் கியர் போட்டு நிறுத்தினாலும் இதேதான். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

சில பழைய ஜீப்பில் இடப்பக்க வீல் நட் எதிர்மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். திறக்காத நட்டின் மேல் ஏறி நின்று குதிப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின் டிரம் டேப்பர் ஷாஃப்டில் உட்காரும் மாடலென்றால் புல்லர் வாடகைக்கு எடுங்கள். சுத்தியலால் ஷாஃப்ட் நுனியில் அடித்தால் மரையும் போகும், பேரிங்கும் போகும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். ஷூவின் உராய்வுப் பட்டையான பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தால் முதல் சந்தேகம் வலப்பக்க முன் பிரேக் மேல். டிரம்மைக் கழற்றினால் லைனர் கறுத்து, நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி பளபளக்கிறது. ஹப் சீல் வழியாக வந்த ஆயில் அது. லைனரை அடுப்பில் சுட்டு ஆயிலை எரிப்பது, பெட்ரோலில் கழுவுவது எல்லாம் வீண் வேலை. சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். ஷூவை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். லைனர் நீளம் இரண்டு ஷூவுக்கும் வேறாக இருந்தால் நீளமானது முன்பக்கம், அதாவது சக்கரம் சுற்றும் திசையில் இழுபடும் ஷூவுக்கு.

சீல் ஏன் கசிந்தது என்று பார்க்காமல் புது சீல் அடிக்காதீர்கள். ஆக்ஸில் மேல் ஒரு பிரீதர், அதாவது காற்று போய்வரும் துளை இருக்கும். எஸ்டேட் ரோட்டுச் சேறு காய்ந்து அதை அடைத்துவிட்டால், ஏற்றத்தில் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். அதே சூட்டோடு ஓடையில் இறங்கினால் ஆக்ஸில் குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கியதுமே பழுப்புத் தண்ணீர் மாதிரி சொட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் விட்டுவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கும். இறக்கத்தில் டிரம் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் நீராவி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். நீலகிரி மூடுபனியில் வருஷம் ஒருமுறை மாற்றுவது அதிகமில்லை. மூடி திறந்து அலமாரியில் கிடந்த பாதி பாட்டில் வேண்டாம்.

சிலிண்டரை நைஸ் எமரியால் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கத்தில் நகம் தட்டும் குழி இருந்தால் புது ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். முன் சிலிண்டரும் பின் சிலிண்டரும் துளை அளவில் வேறுபடலாம். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். டீசல், கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் கப்பில் படக்கூடாது, ரப்பர் உப்பிவிடும். புது பிரேக் ஆயிலிலேயே நனைத்து மாட்டுங்கள்.

சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் உள்ளே இற்று ஒருவழி வால்வு மாதிரி ஆகியிருக்கலாம். பெடலை விட்டபிறகும் சக்கரம் இறுகியிருந்தால், ஹோஸுக்கு மேலே உள்ள யூனியனை (குழாய் இணைப்பை) லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு, பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அப்போதும் விடாமல், வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ்தான். மாஸ்டர் பக்கமென்றால் முதலில் பெடல் ஃப்ரீ ப்ளேயை (பெடல் சும்மா அசையும் அளவை) பாருங்கள்: ஏறத்தாழ அரை அங்குலம் வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே திரும்பும் துளையை பிஸ்டன் கப் மூடியே நிற்கும், ஓட ஓட பிரேக் தானாகப் பிடிக்கும். சிஜே வகை ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடித் தட்டுக்கு அடியில். மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காவிட்டால் பாதி உள்ளே விழும்.

ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு முன் ஷூ அட்ஜஸ்ட். பேக் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள போல்ட்டை, சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, உரசி நிற்கும் வரை திருப்பி, சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். இதை விட்டால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் கீழேதான் போகும். பலர் அரை நாள் வீணாக்குவது இங்கேதான்.

ஏர் எடுப்பது மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி, நம் ஊர் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பெடல் மிதிக்க ஓர் ஆள் வேண்டும்; "புடி" என்றால் நிப்பிள் மூடும்வரை காலை எடுக்கக்கூடாது. 1 லிட்டர் ஆயில் வாங்கி வைத்துக்கொண்டு, மாஸ்டர் சிலிண்டர் டேங்க் அடி காணுமுன் ஊற்றிக்கொண்டே இருங்கள். துருப்பிடித்த நிப்பிளை முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவையுங்கள். முறிந்தால் சிலிண்டரோடு போச்சு.

புது லைனர் டிரம்மில் படிய நேரம் எடுக்கும். முதல் நாளே ஊட்டி-மசினகுடி ரோட்டில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுக்குக் கொண்டு போகாதீர்கள். ஊருக்குள் மெதுவாக இருபது முப்பது முறை பிடித்து விட்டுப் பாருங்கள். மறுநாள் காலை நான்கு டயரின் உள்பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்து, ஈரமில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து அட்ஜஸ்டரை மறுபடி ஒருமுறை தொட்டுவிடுங்கள்.