எந்த உப்பு ஐஸை வேகமாக உருக்கும்? சிங்கப்பூர் வீட்டில் சோதிக்கும் முறை

தட்டில் நான்கு ஐஸ் கட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேக்கரண்டி வேறுவேறு உப்பு, எது முதலில் உருகுகிறது என்று பார்ப்பது. பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையைத்தான் பொதுவாகச் சொல்லித் தருகிறார்கள். நம் ஊரில் அதை அப்படியே மேசைமேல் செய்தால் வரும் விடையை நம்ப முடியாது. 30 டிகிரி வெப்பமும் ஈரக்காற்றும் நிறைந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஐஸை உருக்குவதில் காற்றுக்கே பெரும்பங்கு. உப்புகளுக்கு இடையே உள்ள சிறிய வேறுபாடு அதில் மூழ்கிவிடும்.

இதில் ஈரப்பதம் செய்யும் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. காற்றிலுள்ள ஒரு கிராம் நீராவி குளிர்ந்த ஐஸ்மேல் படிந்து தண்ணீராகும்போது விடும் வெப்பம், ஏறக்குறைய 7 கிராம் ஐஸை உருக்கப் போதுமானது. அப்படிப் படிந்த தண்ணீரும் உருகிய தண்ணீரோடு சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் இரண்டு விதிகள்: பெட்டிக்கு மூடி வேண்டும், சோதனை பிரிட்ஜுக்குள் நடக்க வேண்டும்.

முதலில் உப்புகள். பேரங்காடியில் கிடைக்கும் தூளுப்பு, தேக்காவில் வாங்கும் கல்லுப்பு, இந்துப்பு மூன்றுமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இந்துப்பின் இளஞ்சிவப்பு நிறம் மிகச் சிறிய அளவில் கலந்த இரும்புச் சேர்மங்களால் வருவது. ஐஸ் உருகுவதில் அதற்குப் பங்கில்லை. இந்த மூன்றையும் மட்டும் வைத்துச் சோதித்து ‘இந்துப்புதான் மெதுவாக உருக்குகிறது’ என்று முடிவெடுப்பவர்கள் உண்மையில் பார்த்தது உப்பின் வகையை அல்ல, பரலின் பருமனை. எனவே உண்மையாகவே வேறான பொருள்களும் வேண்டும்: மருந்துக்கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), பொட்டாசியம் குளோரைடு கலந்த சோடியம் குறைந்த உப்பு, ஒப்பீட்டுக்குச் சர்க்கரை. எதுவும் தூவாத வெறும் ஐஸ் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் மற்ற எண்களுக்குப் பொருளே இல்லை.

துணி அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாக்கள் பலவற்றில் கால்சியம் குளோரைடு இருக்கும். லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதைக் கையாள்வது பெரியவர்களின் வேலை, கையுறையோடு. தண்ணீர் பட்டதும் சூடாகும், ஈரக்கையில் எரியும், கண்ணில் படவே கூடாது. நம் காற்றில் தராசின் மேலேயே ஈரத்தை இழுத்து எடை கூடிக்கொண்டிருக்கும் என்பதால் அதைக் கடைசியாக நிறுத்து உடனே தூவுங்கள்.

இனி பருமன். கல்லுப்பை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, டீ வடிகட்டியில் சலித்து, தூளுப்பின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மற்றவற்றுக்கும் இதே முறைதான். அளவு கிராமில் இருக்க வேண்டும், கரண்டியில் அல்ல: கல்லுப்பில் பரல்களுக்கு இடையே காற்று அதிகம், அதனால் அதே கரண்டியில் எடை குறையும். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு இதற்குப் போதாது. 5 கிராம் நிறுக்கையில் அரை கிராம் பிசகினாலே பத்து விழுக்காடு தவறு. 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு வேண்டும்.

ஐஸுக்குக் கட்டி அச்சைவிடத் தபாவ் (கடைச் சாப்பாட்டைக் கட்டி) வாங்கும் வட்டமான பிளாஸ்டிக் பெட்டி நல்லது. அடி அகலம் 11 செ.மீ. உள்ள பெட்டியில் 100 கிராம் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய ஒரு செ.மீ. தடிப்பில் வில்லையாக உறையும். மேற்பரப்பும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கும். ஒவ்வோர் உப்புக்கும் மூன்று பெட்டிகள். வெறும் பெட்டியை முதலிலேயே நிறுத்து, எடையை மார்க்கரால் அடியில் எழுதிவிடுங்கள். பிரீசர் தட்டு சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்: சாய்ந்து உறைந்த வில்லையில் உப்புநீர் ஒரு பக்கமாக ஓடித் தேங்கி, அங்கே மட்டும் குடையும்.

இரவு முழுக்க உறைந்த பெட்டிகளை மூடியோடு பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, ஐஸின் மேல் வெண்பூச்சு மறைந்து மெல்லிய ஈரப்பளபளப்பு தெரியும்வரை விடுங்கள். அந்த நேரத்தில் மேற்பரப்பு 0 டிகிரியை எட்டியிருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து, 5 கிராம் உப்பைப் பரவலாகத் தூவி, மூடி, மறுபடியும் அதே தட்டில் வையுங்கள். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் இரண்டு நிமிட இடைவெளி விட்டால், எடுத்து நிறுக்கும்போதும் அதே இடைவெளியைப் பின்பற்றலாம். அரை மணி நேரம் கழித்துப் பெட்டியைச் சாய்த்து உப்புநீரை வடித்து, ஐஸைச் சமையல் தாளால் ஒற்றி, மிஞ்சிய ஐஸைப் பெட்டியோடு நிறுங்கள். குறைந்த எடைதான் உருகிய ஐஸ். உருகிய தண்ணீரை அளவுக்குவளையில் அளப்பவர்கள் ஏமாறுவார்கள். அதில் கரைந்த உப்பும் இருக்கிறது, உப்புநீர் தண்ணீரைவிட அடர்த்தியும் கூடியது.

வெறும் ஐஸ் இழந்த எடையை மற்றவற்றிலிருந்து கழியுங்கள். ஒரே உப்பின் மூன்று பெட்டிகளுக்குள் உள்ள வேறுபாடு, இரண்டு உப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், எது வென்றது என்று எழுத வேண்டாம். ‘வேறுபாடு தெரியவில்லை’ என்பதும் முறையான முடிவே.

எதிர்பார்க்க வேண்டிய வரிசையைக் கணக்கிட்டே சொல்லலாம். உப்பு ஐஸைச் சூடாக்குவதில்லை. மேற்பரப்பின் ஈரத்தில் கரைந்து உறைநிலையைத் தாழ்த்துகிறது. எவ்வளவு தாழும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது: ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் (துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) துகள் இருந்தால் 1.86 டிகிரி. சோடியம் குளோரைடு 10 கிராமில் 0.34 மோல் துகள்கள் கிடைக்கும். பொட்டாசியம் குளோரைடில் 0.27, நீரற்ற கால்சியம் குளோரைடிலும் 0.27, எப்சம் உப்பில் 0.08, சர்க்கரையில் 0.03. கிராமுக்குக் கிராம் பார்த்தால், 0 டிகிரிக்கு அருகே நம் தூளுப்பை மற்றவை எளிதில் முந்த முடியாது. கால்சியம் குளோரைடு முந்தினால் அதற்குக் காரணம், கரையும்போது அது விடும் வெப்பம். எப்சம் உப்பு எடையில் பாதிக்கும் மேல் தன்னுள்ளேயே தண்ணீரைச் சுமக்கிறது, அது பின்தங்க இதுவும் ஒரு காரணம்.

கல்லுப்பை அரைக்காமல் தூவித் தனியாக ஒருமுறை பாருங்கள். தூளுப்பு மேலே பரவி மெல்லிய படலமாக உருக்கும். பரல் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்திலேயே குழி பறித்துக் கீழே இறங்கும். அடியைத் தொட்டுவிட்டால் உப்புநீர் வில்லைக்குக் கீழே பரவி, பெட்டியிலிருந்தே பெயர்த்துவிடும். பனி நாடுகளின் சாலைகளில் உறைபனியைப் பெயர்க்கப் பருமனான உப்பைத் தூவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிட அழகான சோதனை பிரீசருக்குள் நடக்கும். ஒவ்வோர் உப்புக் கரைசலுக்கும் அதற்குக் கீழே திரவமாக இருக்கவே முடியாத ஓர் எல்லை வெப்பநிலை உண்டு: சோடியம் குளோரைடுக்கு மைனஸ் 21, பொட்டாசியம் குளோரைடுக்கு மைனஸ் 11 அளவில், எப்சம் உப்புக்கு மைனஸ் 4 அளவில், சர்க்கரைக்கு மைனஸ் 14 அளவில், கால்சியம் குளோரைடுக்கு மைனஸ் 50 அளவில். வீட்டுப் பிரீசர் மைனஸ் 18. உப்புகளை மூடிய புட்டிகளில் முந்தைய இரவே பிரீசரில் வைத்துக் குளிரச் செய்யுங்கள்; அறை வெப்பத்தில் உள்ள 10 கிராம் உப்பே ஒரு கிராம் ஐஸை உருக்கும் வெப்பத்தைக் கொண்டுவரும். மறுநாள் சட்டென்று தூவி, மூடி, கதவைத் திறக்காமல் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். எப்சம் உப்பும் சர்க்கரையும் மணல்போல் காய்ந்தே கிடக்க வேண்டும். தூளுப்பு மெதுவாக ஈரமாகும்: முழுமையாக வேலை செய்ய விட்டால் 10 கிராம் ஏறக்குறைய 37 கிராம் ஐஸை உருக்கும். காய்ந்திருக்க வேண்டியது நனைந்திருந்தால் பிரீசர் போதிய அளவு குளிராக இல்லை. உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துச் சரிபாருங்கள். உறைபனி படியாத வகைப் பிரீசர்கள் தாமாகவே அவ்வப்போது சிறிது சூடாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. மைனஸ் 30 வரை காட்டும் கம்பி வைத்தது வேண்டும். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் அது 0 காட்டினால் நம்பலாம்.

உப்பும் ஐஸும் கலந்ததைப் பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்க்க விடாதீர்கள். அந்தக் கலவை மைனஸ் 10க்கும் கீழே போகும், சில நிமிடங்களில் தோல் உறைந்து புண்ணாகிவிடும். மிஞ்சிய உப்புநீரைப் பூந்தொட்டியில் ஊற்றாமல், தொட்டிக் குழாயில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எவர்சில்வர் தொட்டியில் தங்கினால் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.