சூட்டில் நிற்கும் மேக்னெட்டோ: பிஎஸ்ஏ பி31, நான்காவது ஞாயிறு

காலையில் இரண்டாவது உதையில் கிளம்பிவிடும். பெரம்பூரிலிருந்து மெரினா போய்ச் சேர்வதற்குள் படபடவென்று அடித்து நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் போட்டால், ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி கிளம்பும். ஒரு மாதமாக இதே கதை. இந்த ஞாயிறுதான் கோளாறு கையில் சிக்கியது.

வண்டி பிஎஸ்ஏ பி31, 348 சிசி. இதில் இருப்பது லூகாஸ் மேக்டைனோ: மேலே விளக்குக்கு டைனமோ, கீழே காந்தத்தைக் கொண்டு பிளக்குக்குக் கரன்ட் உண்டாக்கும் மேக்னெட்டோ, இரண்டையும் சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் பிளக்கில் கரன்ட் வரும். அதனாலேயே இதைக் கழற்றி எறிந்துவிட்டு பேட்டரியில் ஓடும் காயில் மாட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

முதல் இரண்டு ஞாயிறு வழக்கமான வேலைகளில் போயிற்று. சிபி பாயின்டை (கரன்ட்டைத் திறந்து மூடும் காண்டாக்ட்) நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, ஃபில்லர் கேஜில் 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) இடைவெளி வைத்தேன். பிளக் ஒயருக்குக் கரன்ட் எடுக்கும் பிக்கப்பைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் நனைத்த துணியை விட்டு, இன்ஜினைச் சுற்றி பிக்கப் உரசும் சுழல் வளையமான ஸ்லிப் ரிங்கைத் துடைத்தேன். துணி கரியாக வந்தது. சுழலும் பாகத்தைப் பாடியோடு சேர்க்கும் எர்த் பிரஷ் தேய்ந்து கட்டையாகியிருந்தது, மாற்றினேன். அந்த பிரஷ் சரியாகத் தொடாவிட்டால் கரன்ட் பேரிங் வழியாகத் திரும்பி அதைக் குழி குழியாக்கிவிடும். எல்லாம் செய்தும் மெரினாவில் அதே இடத்தில் நின்றது.

மூன்றாவது ஞாயிறு மீட்டரில் பார்த்தேன். காயிலின் தடித்த சுற்றான பிரைமரி அரை ஓம், மெல்லிய சுற்றான செகண்டரி 5.2 கிலோ ஓம். இரண்டும் சரி. பாயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் தடுக்கும் கன்டென்சர்தானோ (கெபாசிட்டருக்குப் பழைய பெயர்) என்று சந்தேகப்பட்டு, கில் ஸ்விட்ச் ஒயர் வரும் இடத்துக்கும் பாடிக்கும் நடுவே வெளியிலிருந்து ஒரு 0.2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை மாட்டி ஓட்டினேன். மாற்றமே இல்லை. உடனே கன்டென்சர் மேல் தப்பில்லை, காயில்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். காயில் சுற்றிய சுழலும் பாகமான ஆர்மேச்சரை ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும் நினைப்பில் புதுப்பேட்டைக்குப் போய், பழைய வண்டிகளிலேயே காலம் தள்ளிய ஓர் அண்ணனிடம் காட்டினேன்.

"சூடா இருக்கும்போது பார்த்தியா தம்பி?"

"இல்லண்ணே, வீட்டுல வச்சுதான் பார்த்தேன்."

"அப்போ இன்னும் நீ பார்க்கவே இல்ல."

சரி என்று திரும்பி வந்தேன். ஆர்மேச்சரை உருவுமுன் மூன்றைக் கழற்றியாக வேண்டும்: பிக்கப், எர்த் பிரஷ், ஸ்லிப் ரிங் பக்கம் நீட்டியிருக்கும் சேஃப்டி ஸ்க்ரூ. ஒன்றை மறந்தாலும் ஸ்லிப் ரிங் உடையும். உருவிய கையோடு காந்தத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் காந்தம் பலம் இழக்கும். உள்ளே காயில் மேலிருந்த அரக்கு விரலில் ஒட்டியது.

பாயின்ட் பக்கத்துப் பித்தளை மூடிக்குள்தான் கன்டென்சர். இணைப்பைப் பிரித்து மீட்டரில் வைத்தால் 0.17 மைக்ரோஃபாரட் காட்டியது. பார்வைக்குக் குறையே இல்லை. ஆனால் மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான், பாயின்ட் திறக்கும் நொடியில் கன்டென்சர் தாங்க வேண்டியது நூற்றுக்கணக்கான வோல்ட். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவு பார்க்கும் மீட்டர்) வாங்கி 250 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். 40 மெகாஓம், கசிவு இல்லை. அப்புறம் ஆர்மேச்சரையும் கன்டென்சரையும் தகர டப்பாவில் போட்டு மொட்டை மாடியில் வைத்தேன். அக்னி நட்சத்திரம், பகல் ஒரு மணி. முக்கால் மணி நேரம் கழித்து டப்பாவைத் துணி பிடித்துத்தான் எடுக்க முடிந்தது. செகண்டரி 5.8 கிலோ ஓம். தாமிரம் சூடானால் அவ்வளவு ஏறுவது இயல்பு. கன்டென்சரில் மெக்கரை வைத்தேன். முள் சரசரவென்று இறங்கி அரை மெகாஓமுக்கும் கீழே போய் நின்றது.

வெளியே மாட்டிய கெபாசிட்டர் ஏன் உதவவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒழுகும் குடத்துக்குப் பக்கத்தில் நல்ல குடத்தை வைத்தால் ஒழுகல் நிற்குமா? பழையது உள்ளே இருக்கும்வரை கரன்ட் அதன் வழியே கசிந்துகொண்டேதான் இருக்கும். கிக்கரில் உதைக்கும்போது மேக்னெட்டோ, இன்ஜின் வேகத்தில் பாதியில்தான் சுற்றும். அந்த மெதுவான சுற்றில் வரும் கொஞ்ச கரன்ட்டும் கசிந்துபோனால் பிளக்குக்கு எதுவும் மிஞ்சாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 0.1 மைக்ரோஃபாரட், 1000 வோல்ட் செராமிக் சிப் இரண்டு வாங்கி, பேரலலாகச் சேர்த்து, பழைய கன்டென்சர் இருந்த பள்ளத்திலேயே எபாக்ஸி ஊற்றி உட்காரவைத்தேன். சுழலும் பாகம் என்பதால் எபாக்ஸியை இரண்டு நாள் தொடவில்லை. காயில் மேல் வார்னிஷ் ஒரு கோட். பொறி எப்போது வர வேண்டும் என்ற டைமிங் வைக்கும்போது பல்பு வைத்துப் பார்க்க முடியாது, பிரைமரி அரை ஓம்தான் என்பதால் பாயின்ட் மூடினாலும் திறந்தாலும் பல்பு எரியும். பாயின்ட் நடுவே சிகரெட் தாளைக் கொடுத்து, அது நழுவும் இடத்தைப் பிடித்தேன்.

நேற்று பகல் இரண்டு மணிக்கு வேண்டுமென்றே கிளம்பினேன். மெரினா தாண்டி, அடையாறு தாண்டி, திருவான்மியூர் வரை போய் வெயிலிலேயே நிறுத்தினேன். இன்ஜின் பக்கம் கை வைக்க முடியவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரே உதை, பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பாயின்டைத் திறந்து பார்த்தேன், நீலக் கருகல் இல்லை. அடுத்த ஞாயிறு மேலே இருக்கும் டைனமோ.