சுவிட்ச் பெட்டிக்குள் இருந்த கறுப்பு வயர்

வெள்ளவத்தை வீட்டில், லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு 13 ஆம்பியர் பிளக் பொயின்ற் வைக்க வேண்டியிருந்தது. அரை நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. முதலில் வந்த வயரிங் பாஸ், சுவிட்ச் பெட்டிக்குள் இருந்த கறுப்பு வயரை நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) என்று நினைத்துவிட்டார்.

அது நியூட்ரல் இல்லை. பழைய வயரிங்கில் நியூட்ரல் பெரும்பாலும் மேலே பல்பு தொங்கும் இடத்தில் உள்ள சீலிங் ரோஸோடு நின்றுவிடும். சுவிட்சுக்கு இறங்குவது சிவப்பில் பேஸ் (கரண்ட் வரும் வயர்), கறுப்பில் பல்புக்குத் திரும்பிப் போகும் வயர், அவ்வளவுதான். அவர் மீற்றர் வைத்தபோது இரண்டுக்கும் இடையில் 230 வோல்ட் காட்டியது உண்மை. ஆனால் அப்போது சுவிட்ச் ஓஃப். பல்பின் ஊடாக வந்த நியூட்ரல் அது. சுவிட்சைப் போட்டு அளந்திருந்தால் பூச்சியம் காட்டியிருக்கும். பொயின்ற்றைப் பூட்டி அயனைச் சொருகினால், அயன் சூடாகவில்லை, மேலே பல்பு எரிகிறது!

அடுத்து, பெட்டியில் கட்டியிருந்த பச்சை ஏர்த் வயரை நியூட்ரலாக்கினார். அயனைச் சொருகியதுமே ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. 30 மில்லி ஆம்பியர் ஏர்த்துக்குப் போனாலே விழத்தான் அது இருக்கிறது. "ட்ரிப் சுவிட்ச் பழசு, மாத்தணும்" என்றார். இப்படிச் சொல்பவரிடம் வேலையை அதோடு நிறுத்திவிடுங்கள். அந்த ஏர்த் எங்காவது அறுந்தால், அதில் கட்டிய இரும்புப் பெட்டியெல்லாம் கரண்ட் அடிக்கும்.

சுவிட்சில் நியூட்ரல் இருந்தாலும் அங்கிருந்து எடுக்கக் கூடாது. லைட்டுக்கு ஓடுவது பொதுவாக 1/1.13 என்ற மெல்லிய வயர், பிரேக்கர் 6 அல்லது 10 ஆம்பியர். 2000 வாட் கேத்தில் ஒன்றே கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 என்றால் பிரேக்கர் விழக்கூடும். 10 என்றால் கேத்திலுக்கு மட்டும் விழாது, கூடவே அயனும் போட்டால் பிரேக்கர் விழும்வரை சுவருக்குள் வயர் சூடேறும்.

என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழுள்ள இரண்டாமவர் சுவிட்சைத் தொடவே இல்லை. அடுத்த அறையின் 13 ஆம்பியர் பொயின்ற்றிலிருந்து 7/0.67 என்ற தடித்த வயரில் பேஸ், நியூட்ரல், ஏர்த் மூன்றையும் இழுத்தார். தூரம் நாலரை மீற்றர். பெட்டிக்குள் விடும் மிச்சத்தோடு 15 மீற்றர் போதுமாக இருந்தது. பிரேக்கரிலிருந்து புறப்பட்டு அதற்கே திரும்பி வரும் ரிங் வயரிங் என்றால் ஒரு பொயின்ற்றிலிருந்து ஒரு கிளைதான் எடுக்கலாம். சுவரை நேர் மேல்கீழாக அல்லது நேர் கிடையாக வெட்டச் சொல்லுங்கள். சரிவாக வெட்டினால் நாளைக்குப் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கு ஆபத்து.

இன்னொரு வீண் அலைச்சல்: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய சங்க் பொக்ஸ் (சுவருக்குள் பதிக்கும் பெட்டி) ஆழம் போதவில்லை. 7/0.67 விறைப்பான வயர், மூன்றும் மடங்கிப் படுக்க இடம் வேண்டும். சொக்கற்றின் முகப்பு சுவரோடு படியவே இல்லை. 35 மில்லிமீற்றர் ஆழம் கேளுங்கள், கடையிலேயே சொக்கற்றை வைத்துப் பாருங்கள்.

பூட்டும்போது ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். இரும்புப் பெட்டி என்றால் அதற்கும் ஏர்த். கடைசியில் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினோம், விழுந்தது. கேத்திலில் இரண்டு தரம் தண்ணீர் கொதிக்க வைத்து முகப்பைத் தொட்டுப் பார்த்தோம். சூடேறினால் உள்ளே ஸ்க்ரூ எங்கோ தளர்வு. குளிர்ந்துதான் இருந்தது.