பட்டாளத்துக் கடை தாத்தா

கோத்தகிரியில் நாங்கள் பட்டாளத்துக் கடை தாத்தா என்றே அழைத்து வந்த பெரியவர் கடந்த வாரம் காலமானார். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒருவராக, சிறுவயதிலேயே தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர் அவர். வெலிங்டனில் பயிற்சி பெற்று மதராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாகப் பணியாற்றிய பிறகும், ஊரில் சிலர் அவரைச் சிலோன்காரர் என்று ஒதுக்கியே பேசினார்கள்; அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்று வந்ததும் டீக்கடை போட்டார். விறகடுப்பில் சுட்ட வர்க்கி என்ற மொறுமொறுப்பான தின்பண்டத்தை வெளியிலிருந்து வாங்கி வைத்திருப்பார். ஆனால் அந்தக் கடையின் பெருமை கடன் நோட்டில்தான் இருந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் கணக்கைக் கணவன் பெயரில் எழுதாமல், சம்பாதிக்கிறவளின் பெயரிலேயே பக்கம் ஒதுக்குவார். கணவன் வந்து எவ்வளவு அதட்டினாலும், அவளைக் கேட்காமல் அதில் ஒரு டீயைக்கூட ஏற்ற மாட்டார். (இதற்காகவே சில ஆண்கள் எதிர்க்கடைக்கு மாறினார்கள், அவருக்கு அது நட்டம்தான்.) பட்டாளத்துக் கதைகளை மட்டும், எவ்வளவு கேட்டும், சொன்னதில்லை.

கடையை இனி அவருடைய மருமகள் நடத்துவார், திங்கட்கிழமை திறக்கிறார்.